அமெரிக்காவில் கிறிஸ்தவப் பிள்ளைகள் கேம்ப்புக்குத் தொண்டராகப் போகலாமா?

கேட்டவர் நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்த 21 வயது சகோதரி. கல்லூரியில் கடைசி வருடம். சபையில் மே மாதம் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, ஆக்‌ஷன் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பழக்கம் உள்ளவர். அமெரிக்காவில் கோடைக்காலத்தில் நடக்கிற கிறிஸ்தவப் பிள்ளைகள் கேம்ப் ஒன்றில் போய் ஊழியம் செய்ய ஆசைப்படுகிறார். எந்த விசா, எவ்வளவு செலவு, அங்கே என்ன வேலை இருக்கும், இது உண்மையில் ஊழியம்தானா என்று கேட்டிருக்கிறார். "பொம்பளப் புள்ளைய முன்னப் பின்னத் தெரியாத இடத்துக்கு எப்படி அனுப்புறது" என்று அம்மா கேட்பதற்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். நல்ல கேம்ப்பாக இருந்தால் உங்கள் வாழ்நாளில் மறக்காத ஒரு கோடையாக இருக்கும். ஆனால் கேம்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஏரி எவ்வளவு அழகு, ஆராதனைக் குழு எவ்வளவு பெரிசு என்பதையெல்லாம் பிறகு பாருங்கள். அங்கே வரும் பிள்ளைகளை அவர்கள் எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். பிள்ளைகளை ஒழுங்காகப் பாதுகாக்கத் தெரிந்த இடம் உங்களையும் பாதுகாக்கும். உங்கள் அம்மாவின் கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

முதலில் விசா. நிறையப் பேர் இங்கேதான் தவறான ஆலோசனை கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள். "சுற்றுலா விசாவில் போய்ச் சும்மா உதவி செய்துவிட்டு வந்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோடை கேம்ப்பில் பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர்களுக்கென்றே அமெரிக்க அரசு ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் 'கேம்ப் கவுன்சலர்' என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 18 வயதாவது ஆகியிருக்க வேண்டும். மாணவர், ஆசிரியர், இளைஞர் பணியில் இருப்பவர், ஏதாவது தனித்திறமை உள்ளவர், இந்த நாலில் ஒன்றில் நீங்கள் வர வேண்டும். பிள்ளைகளோடு தடையில்லாமல் பேசுகிற அளவுக்கு ஆங்கிலம் வேண்டும். அதிகபட்சம் 4 மாதம் இருக்கலாம். தூதரகத்துக்கு நீங்களாக நேரே போய் விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் ஒன்று உங்களை நேர்காணல் செய்து, உங்கள் ஆசிரியரிடமோ வேலை கொடுத்தவரிடமோ சான்று வாங்கி, டிஎஸ்-2019 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். அது கையில் வந்த பிறகுதான் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல்.

இந்தப் பிரிவின் விதிகள் உங்களுக்குச் சாதகமானவை. அமெரிக்கக் கவுன்சலருக்குக் கொடுக்கிற ஊதியமும் வசதியும் உங்களுக்கும் கொடுக்க வேண்டும். சமையல்காரராகவோ, பாத்திரம் கழுவுகிறவராகவோ, துப்புரவு ஆளாகவோ உங்களை எடுக்க முடியாது. ஒரு விபத்துக்கோ நோய்க்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை தாங்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதனால் ஜே-1 வழியாகப் போனால் கொஞ்சம் கைச்செலவுப் பணம் தருவார்கள். "ஊழியத்துக்குக் காசு வாங்கலாமா" என்று சங்கடப்பட வேண்டாம். அது சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை. வேண்டுமானால் காணிக்கையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது உங்கள் விருப்பம்.

சம்பளமே இல்லாமல் போகிற வழியும் ஒன்று உண்டு. மத அமைப்பு, தொண்டு நிறுவனம் நடத்துகிற தன்னார்வத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு பி-1 விசா கொடுப்பார்கள். ஆனால் அந்த அமைப்பில் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினராக, அதன் பணியில் ஈடுபாடு உள்ளவராக இருக்க வேண்டும். செலவுக்கு மேல் ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது. திட்டம் என்ன, எங்கே, எத்தனை நாள் என்று அந்த அமைப்பு முறையாகக் கடிதம் கொடுக்க வேண்டும். உங்கள் சபைப் பிரிவுக்கு அங்கே தாய்ச்சபை இருந்து, அவர்களே கேம்ப் நடத்தினால் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அப்படித் தொடர்பு இல்லாதவர்களுக்கு ஜே-1தான் நேரான வழி.

தூதரக நேர்காணலில் கடைசி வருட மாணவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. "ஆகஸ்டில் கேம்ப் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி என்ன செய்வீர்கள்" என்று கேட்பார்கள். படிப்பு முடிந்துவிட்ட பெண்ணிடம் இதற்குப் பலமாகப் பதில் இல்லாவிட்டால் விசா கிடைப்பது கஷ்டம். எம்.ஏ.வோ பி.எட்.டோ சேர்வதாக இருந்தால் அந்தச் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்திருந்தால் அந்த ஆணையை வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் முதல் ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. ஊழியம் செய்யத்தான் போகிறேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கேம்ப் கிறிஸ்தவ கேம்ப் என்பது அவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

இங்கிலாந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே சாதாரண விசிட்டர் விசாவில் இருப்பவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரை தொண்டு செய்யலாம், ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கம் அதுவாக இருக்கக்கூடாது. அக்கா வீட்டுக்குப் போனவர் கூடவே ஒரு வாரம் கேம்ப்பில் உதவுவது சரி. அதற்காகவே விமானம் ஏறினால் தொண்டுப் பணியாளர் விசா வேண்டும், ஸ்பான்சரும் வேண்டும். ஏற்கெனவே வெளிநாட்டில் குடியிருக்கிற நம் பிள்ளைகளுக்குத்தான் இது எல்லாவற்றிலும் சுலபம். அங்கே படிக்கப் போயிருக்கிறவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேரட்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

நம்ம ஊர் விடுமுறை வேதாகமப் பள்ளி காலையில் ஆரம்பித்து மதியம் முடிந்துவிடும். பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். அங்கே பிள்ளைகள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ உங்களோடுதான் தூங்கி எழுவார்கள். மரத்தால் கட்டிய கேபின், அடுக்குக் கட்டில்கள், எட்டு முதல் பன்னிரண்டு பிள்ளைகள், கூட இன்னொரு கவுன்சலர். காலையில் எழுப்புவது, பல் தேய்க்க வைப்பது, கேபினைப் பெருக்க வைப்பது, கொடியேற்றத்துக்கு வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது, தனித்தியானத்துக்கு உட்கார வைப்பது, சாப்பாட்டு மேசையில் காய்கறியைத் தள்ளி வைக்கிறவனைக் கவனிப்பது, வில் அம்பு, படகு, ஏரிக் குளியல், மாலை ஆராதனை, இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டு, அப்புறம் கேபினுக்குத் திரும்பி ஜெபித்துப் படுக்க வைப்பது. பாடம் எடுப்பதும் கதை சொல்வதும் இதில் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் தாயின் வேலை. அதைச் சந்தோஷமாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான் நல்ல கவுன்சலர்கள்.

முதல் இரவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விளக்கை அணைத்துக் கால் மணி நேரத்தில் ஏதாவது ஒரு மேல் கட்டிலிலிருந்து விசும்பல் கேட்கும். எட்டு வயதுப் பிள்ளை, முதல் முறையாக வீட்டை விட்டு வந்திருக்கும். நம் கை தானாக நீளும், தூக்கி மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றும். அங்கே அப்படிச் செய்யக்கூடாது. கட்டில் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேச வேண்டும். "வீட்டில் தூங்கப் போகும்போது என்ன செய்வீங்க, நாய்க்குட்டி இருக்கா, அதுக்குப் பேர் என்ன" என்று கேட்க வேண்டும். "நாளைக்கு அம்மாவைக் கூப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லவே கூடாது. அந்த வார்த்தையைக் கேட்ட பிள்ளை மறுநாள் முழுவதும் விளையாடாமல் உங்கள் பின்னாலேயே திரியும். பேச்சு போதவில்லை என்றால் வாசல் விளக்கு வெளிச்சத்தில், மற்றக் கவுன்சலர் பார்க்கும் இடத்தில், படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வைக்கலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குள் சரியாகிவிடும். படுக்கையை நனைத்துவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள். எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்குப் போனதும் ஒருவர் மட்டும் திரும்பி வந்து விரிப்பை மாற்றி, அதே மாதிரி மடித்து வைத்துவிட வேண்டும். கேபினில் வேறு ஒரு பிள்ளைக்கும் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்த நல்ல கவுன்சலர்கள் எல்லாரும் இதில் கெட்டிக்காரர்கள்.

தொடுதல் விஷயத்தில் நம் பழக்கத்தை நிறைய மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் உட்கார வைப்பது, முத்தம் கொடுப்பது, உடை மாற்றிவிடுவது எதுவும் கிடையாது. பிள்ளையாகவே வந்து கட்டிக்கொண்டால் தோளோடு தோளாகப் பக்கவாட்டில் அணைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளையோடு தனியாக, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கக்கூடாது. பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லார் பார்வையிலும் இருக்க வேண்டும். "நம்ம மேல இவ்வளவு சந்தேகமா" என்று முதல் நாள் தோன்றும். அந்த விதி உங்களைச் சந்தேகப்பட்டு எழுதியது இல்லை. அது ஏன் வந்தது என்று கீழே சொல்கிறேன்.

மருந்தும் அப்படித்தான். கேம்ப்புக்கு வந்து இறங்கிய உடனே பிள்ளைகளின் மருந்துகளையெல்லாம் நர்ஸ் வாங்கிக்கொள்வார். தலைவலி என்றால்கூட நர்ஸிடம் அழைத்துப்போக வேண்டும். உங்கள் பெட்டியிலிருந்து தைலத்தை எடுத்துத் தேய்த்துவிடக் கூடாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் அநேகமாக ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுபோகும் கடலைமிட்டாயைக் கேபினுக்குள் பிரிக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்தாகிவிடும். வெளியே உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம், அதனால் காட்டுப் பக்கம் போய் வந்த பிறகு பிள்ளைகளைத் தாங்களே உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி என்ற கொடியைத் தொட்டால் தோல் கொப்பளித்துவிடும். அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிற அளவுக்கு முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

ஏரியில் அவர்கள் கடைப்பிடிக்கும் முறையைப் பார்த்தால் நம் ஊர் சபை பிக்னிக்குகளிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றும். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் சோதனை. எவ்வளவு நீந்தத் தெரியும் என்பதற்கு ஏற்ப ஒரு நிறம் கொடுப்பார்கள். நிறத்தைப் பொறுத்துத்தான் எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்பது. தண்ணீரில் இறங்கும்போது கரையில் இருக்கும் பலகையில் தன் பெயர் எழுதிய வில்லையை மாட்டிவிட்டு, ஒரு ஜோடியோடுதான் இறங்க வேண்டும். லைஃப்கார்டு விசில் ஊதியதும் எல்லா ஜோடியும் கையைக் கோத்துத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். தலையை எண்ணி, பலகையில் உள்ள வில்லையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி விளையாட்டு. தினமும், ஒவ்வொரு குளியலிலும், பல தடவை. கன்னியாகுமரிக் கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும்.

இப்போது அந்த விதிகள் ஏன் வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் உங்களை அனுப்ப முடியாது.

பிள்ளைகளுக்கான கிறிஸ்தவக் கோடைப் பணிக்கு நல்ல வரலாறு உண்டு. 1868இல் வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் மணலில் "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று எழுதினார். சுற்றி நின்ற பிள்ளைகள் கடற்பாசியும் சிப்பியும் பொறுக்கி வந்து அந்த எழுத்துகளை அலங்கரித்தார்கள், அவர் கதை சொன்னார். ஸ்கிரிப்சர் யூனியன் என்று இன்று நாம் அறிகிற இயக்கத்தின் ஆரம்பக் காட்சிகளில் அது ஒன்று. அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கேம்ப் டட்லி 1885இலிருந்து இடைவிடாமல் நடக்கிறது. கோடிக்கணக்கான பிள்ளைகள் இப்படிப்பட்ட இடங்களில் சந்தோஷமாக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அதே உலகத்தில்தான் ஜான் ஸ்மைத் இருந்தார். லண்டனில் பெரிய வழக்கறிஞர், இங்கிலாந்தில் ஐவெர்ன் கிறிஸ்தவ கேம்ப்புகளை நடத்திய அறக்கட்டளையின் தலைவர். 1970களின் பிற்பகுதியிலும் 80களின் தொடக்கத்திலும் அந்த வட்டத்தில் பழகிய பையன்களை ஆன்மீகத்தின் பெயரால் கொடூரமாக அடித்தார். 1982இலேயே உள்ளுக்குள் அறிக்கை எழுதப்பட்டது. போலீசுக்குப் போகாமல் மூடி வைத்தார்கள். 1984இல் அவர் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் கிறிஸ்தவ கேம்ப்புகள் நடத்தினார். 1992இல் அவருடைய கேம்ப் ஒன்றில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். 2018இல் ஸ்மைத் எந்தத் தண்டனையும் பெறாமலே இறந்துபோனார். நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களும் இளைஞர்களும் பாதிக்கப்பட்டார்கள் என்பதை இங்கிலாந்துத் திருச்சபை கேட்டு நடந்த விசாரணையின் முடிவாக 2024 நவம்பரில் வெளியான மேக்கின் அறிக்கை விரிவாகச் சொன்னது. அதன் விளைவாக அந்தத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பில் இருந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார்.

இதைப் படிக்கிறபோது ஒன்றைக் கவனியுங்கள். மூடி மறைத்தவர்களில் பலர் ஜெபிக்கிறவர்கள், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். "ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது" என்று நினைத்தார்கள். அந்த நினைப்புத்தான் இன்னும் எத்தனையோ பிள்ளைகளை அந்த மனிதரின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதனால் உங்களிடம் ஒரு பிள்ளை வந்து, வீட்டிலோ கேம்ப்பிலோ யாரோ தன்னைத் துன்புறுத்துவதாகச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அழுத்திக் கேள்வி கேட்காதீர்கள். கேட்டதை அப்படியே எழுதி, அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பல மாநிலங்களில் கேம்ப் பணியாளர்கள் அரசிடம் புகார் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டெக்சாசில் பெரியவர்கள் எல்லாருக்குமே அந்தக் கடமை உண்டு. பொறுப்பாளர் "ஜெபிப்போம், பார்க்கலாம்" என்று இழுத்தால் நீங்களே அரசு உதவி எண்ணை அழையுங்கள்.

இன்னொன்று, 2025 ஜூலை 4. டெக்சாசின் ஹன்ட் என்ற ஊரில், குவாடலூப் ஆற்றங்கரையில் 1926 முதல் நடந்துவந்த கேம்ப் மிஸ்டிக் என்ற கிறிஸ்தவச் சிறுமியர் கேம்ப். விடிவதற்கு முன் வந்த வெள்ளத்தில் சிறுமிகளும் கவுன்சலர்களுமாக 27 பேர் இறந்தார்கள். கேம்ப்பை நடத்தியவரும் இறந்தார். ஆற்றுக்கு அருகே, வெள்ளம் வரக்கூடிய தாழ்வில் கேபின்கள் இருந்தன. அந்த இரவு அங்கே மெக்சிகோவிலிருந்து வந்திருந்த 19 வயதுக் கவுன்சலர் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து போனவர்கள், கிட்டத்தட்ட உங்கள் வயது. தங்கள் பொறுப்பில் இருந்த சுமார் இருபது சிறுமிகளையும் அமைதிப்படுத்தி, ஒவ்வொருத்தியின் பெயரையும் அவள் தோலிலேயே பேனாவால் எழுதிவைத்தார்கள். எது நடந்தாலும் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அவர்களும் அந்தச் சிறுமிகளும் பிழைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளப் பகுதியில் கேபின்கள் கூடாது, அவசரகாலத் திட்டம் கட்டாயம் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கேம்ப்பில் 19, 20 வயதுக்காரர்கள் கையில்தான் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. கேம்ப் பயிற்சி கொடுக்கிறதா, திட்டம் வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அந்த 20 வயதுக்காரர் என்ன செய்ய முடியும் என்பதும்.

அதனால் கேம்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது டைரக்டரோடு வீடியோ காலில் பேசுங்கள், அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் என்ற அமைப்பின் தரச்சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அது கட்டாயம் இல்லை, விரும்பி வாங்குவதுதான், அதனாலேயே வாங்கியிருந்தால் அதற்கு மதிப்பு. கிறிஸ்தவ கேம்ப் சங்கங்களில் உறுப்பினர் என்பார்கள், நல்லதுதான், ஆனால் உறுப்பினர் என்பதும் தரச்சான்று என்பதும் ஒன்றல்ல. பிள்ளைகள் வருவதற்கு முன் பணியாளர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி என்று கேளுங்கள். ஒரு வாரமாவது இருக்க வேண்டும். இரவில் கேபினில் எத்தனை பெரியவர்கள், புயலோ வெள்ளமோ தீயோ வந்தால் எங்கே போக வேண்டும், கவுன்சலரிடம் தகவல் எப்படி வரும், நர்ஸ் அங்கேயே தங்குகிறாரா, வாரத்தில் எனக்கு முழு ஓய்வு நாள் உண்டா, அன்றைக்கு நான் எங்கே இருப்பேன், எனக்கு ஒரு தொல்லை என்றால் டைரக்டரைத் தாண்டி யாரிடம் சொல்லலாம் என்றெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டைரக்டர் இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், எழுதிவைத்த கைப்புத்தகத்தை அனுப்பிவைப்பார். "எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அதே மாதிரி, அவர்கள் உங்களைத் துருவித் துருவிக் கேட்க வேண்டும். போலீஸ் சான்று, சான்றாளர்கள், நீண்ட நேர்காணல், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் இதுவரை ஏதாவது புகார் வந்ததா என்ற கேள்வி. பாஸ்போர்ட் சேவா வழியாகப் போலீஸ் சான்று வாங்கலாம், சபைப் போதகர் ஐயரிடமும் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். எதுவுமே கேட்காமல் "வாருங்கள்" என்று சொல்கிற கேம்ப், வேறு எல்லாரையும் அப்படித்தான் எடுத்திருக்கும்.

இது ஊழியமா என்று கேட்டீர்கள். ஊழியம்தான். ஆனால் நம்மில் சிலர் ஊழியத்தை எண்ணிக்கையால் அளக்கிறோம். வாரக் கடைசி இரவில் நெருப்பைச் சுற்றிப் பாடிவிட்டு, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்று அழைப்புக் கொடுப்பது நிறைய கேம்ப்புகளில் வழக்கம். எட்டு வயதுப் பிள்ளை களைப்பில் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறவன் கை தூக்கிவிட்டான், பிடித்தமான கவுன்சலர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது அது கை தூக்குவதில் எவ்வளவு விசுவாசம், எவ்வளவு பயம், எவ்வளவு நம்மைச் சந்தோஷப்படுத்தும் ஆசை என்று யாரால் பிரிக்க முடியும்? நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தி வாங்கிய தீர்மானத்தைத் தீர்மானம் என்று நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள், ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள், வேண்டாம் என்கிற பிள்ளையை அப்படியே விட்டு மறுநாளும் அதே அன்போடு நடத்துங்கள். அந்த வாரத்தில் எத்தனை பேர் ஒப்புக்கொடுத்தார்கள் என்று ஊருக்கு எண்ணிக்கை அனுப்ப வேண்டாம்.

பல சபைப் பிரிவுப் பிள்ளைகள் ஒன்றாக வருவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். பாப்டிஸ்ட் வீட்டுப் பிள்ளை, லூத்தரன் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை, எந்தக் கோயிலுக்கும் போகாத வீட்டுப் பிள்ளை. ஞானஸ்நானம், அந்நியபாஷை மாதிரி விஷயங்களில் உங்கள் சபையின் போதனையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை இல்லை. கேம்ப்பின் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போடுவதற்கு முன் முழுவதும் படியுங்கள், மனம் ஒப்பாத வரி இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள்.

பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக்கூடாது. சபைக் குழுவிலும் கூடாது. பெற்றோர் படத்துக்குச் சம்மதித்தது கேம்ப்புக்கு, உங்களுக்கு இல்லை. அநேக கேம்ப்புகளில் வேலை நேரத்தில் போனையே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் தினமும் வீட்டுக்குப் பேச முடியாது என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவசரத்துக்குக் கேம்ப் அலுவலக எண்ணை எழுதிக் கொடுங்கள்.

செலவு. விமான டிக்கெட், ஸ்பான்சர் கட்டணம், விசாக் கட்டணம் 185 டாலர், கேம்ப் கவுன்சலர்களுக்கான செவிஸ் (அமெரிக்க அரசின் மாணவர், பரிமாற்றப் பயணிகள் பதிவேடு) கட்டணம் 35 டாலர், போலீஸ் சான்று, சென்னைக்குப் போய் வருவது. கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன, கட்டுகிற அன்று அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஸ்பான்சர்கள் டிக்கெட்டில் ஒரு பகுதியைக் கேம்ப்பிடமிருந்து வாங்கித் தருவார்கள். சபையில் காணிக்கை திரட்டினால் கணக்கைச் சபையின் பொருளாளர் கையில் விடுங்கள், விசா கிடைக்காவிட்டால் பணம் என்ன ஆகும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். "கேம்ப் விசாவில் போனால் அங்கேயே வேலை வாங்கித் தருகிறேன்" என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும், சபையில் தெரிந்தவராகவே இருந்தாலும், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் அத்தை மகனும் விரும்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு ராயல் ஃபேமிலி கிட்ஸ் என்ற கேம்ப்புகளைச் சொல்லுங்கள். வீட்டில் துன்புறுத்தப்பட்டு, அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்காக உள்ளூர்ச் சபைகள் ஒரு வாரம் நடத்துபவை, 1985இல் கலிபோர்னியாவில் தொடங்கின. இரண்டு பிள்ளைக்கு ஒரு கவுன்சலர். அந்த வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சேர்த்துப் பிறந்தநாள் விருந்து வைப்பார்கள், ஏனென்றால் கேக் வெட்டியே இராத பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். இதற்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் போதும்.

காலத்தைப் பொறுத்தவரை, அடுத்த கோடைக்குப் போக வேண்டுமானால் அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரிக்குள் நல்ல கேம்ப்புகளில் இடம் நிரம்பிவிடும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். பணியாளர் பயிற்சி பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும், உங்கள் கடைசி செமஸ்டர் தேர்வு அந்த நேரத்தில் வருகிறதா என்று கல்லூரியில் கேட்டுக்கொண்டு, பயிற்சியில் சில நாள் பிந்திச் சேர அனுமதி உண்டா என்பதைக் கேம்ப்பிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பயிற்சி இல்லாமலே பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளலாம் என்று அவர்கள் சொன்னால் அந்தக் கேம்ப் வேண்டாம், ஒரு வருடம் பொறுத்து பி.எட். சேர்ந்த பிறகு போங்கள். அப்போது விசா நேர்காணலும் உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.